துடுப்பு தண்ணீரில் இருக்கட்டும்

மக்கா, பேடில்போர்டில், அதாவது நின்றபடி துடுப்புப் போடுகிற பலகையில், எழுந்து நின்றதும் கால் கிடுகிடுவென்று ஆடுகிறதே, அது பயத்தால் மட்டும் வருவதில்லை. அசையாமல் நிற்கப் பார்க்கிறாய், அதனால்தான் வருகிறது. தண்ணீர் சும்மா இருக்காது. அதன்மேல் கிடக்கிற பலகையும் சும்மா இருக்காது. நீ மட்டும் விறைத்துக்கொண்டு நின்றால் கவிழத்தான் செய்வாய். உடனே துடுப்பைப் போட்டு வலிக்க ஆரம்பி. போர்டு முன்னால் நகர்ந்ததும் பக்கவாட்டு ஆட்டம் பாதி அடங்கிவிடும். துடுப்பின் தட்டையான நுனி, பிளேடு என்கிறோமே, அது தண்ணீருக்குள் இருக்கும்வரை உனக்கு மூன்றாவது கால் மாதிரி. புதிதாக ஏறுகிறவர்கள் தடுமாறும்போது துடுப்பை மேலே தூக்கிக் கையை விரிப்பார்கள். இருக்கிற ஒரே பிடிமானத்தையும் அப்போது விட்டுவிடுகிறார்கள். தடுமாறினால் துடுப்பு கீழே போகவேண்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே.

நம் குமரிக் கடற்கரைக்கு இது புதிய வித்தையும் இல்லை. கனமில்லாத நாலைந்து தடிகளைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் மண்டியிட்டோ நின்றோ, ஒரு துடுப்போடு குளச்சலிலும் முட்டத்திலும் அலையைத் தாண்டிப் போனவர்கள் நம் ஆட்கள். கட்டுமரத்துக்குக் கைப்பிடி கிடையாது, இருக்கை கிடையாது, தண்ணீர் மரத்துக்கு நடுவிலேயே ஏறி இறங்கும். ஹவாய்த் தீவுகளின் வைகிக்கி கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுத்தவர்கள் பலகையில் நின்றபடி துடுப்புப் போட்டார்கள். பின்னால் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற சர்ஃபர்கள் அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார்கள். ஆனால் நின்றுகொண்டு தண்ணீரை வாசிக்கிற பழக்கம் இங்கே எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. இன்றைக்குக் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் வள்ளங்கள் பெரும்பாலும் பிடித்துவிட்டன. கரையில் வலை சீர்பண்ணிக்கொண்டிருக்கும் பாட்டாமாரிடம் போய் உட்கார்ந்து, இன்றைக்குக் காற்று எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேள். செல்போன் ஆப் காட்டுவதைவிட அவர்கள் சொல்வது அந்த ஊருக்குச் சரியாக இருக்கும். கேட்கிற பிள்ளையைப் பார்த்தால் அவர்களுக்கும் சந்தோஷம்.

எங்கே, எப்போது

முதலில் கடல் வேண்டாம். காயலில் பழகு. பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து, சுசீந்திரத்தைத் தாண்டி, மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே கடலில் சேருகிற இடம் மணக்குடி காயல். அலை இல்லை, கரை பக்கத்தில் இருக்கிறது, விழுந்தால் நீந்திச் சேரலாம். மேற்கே தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலைத் தொடுவதற்கு முந்தைய அமைதியான பகுதியும் இருக்கிறது. ஆனால் அங்கே துறைமுக முகத்துவாரத்தின் பக்கம் போர்டைத் திருப்பாதே. மணல் திட்டும் அலையும் சேர்ந்து அனுபவமுள்ள மீனவர்களையே கவிழ்த்திருக்கிற இடம் அது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக்கூடாது. சுசீந்திரம் - தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் பறவைகளுக்கு உரியவை. 2022-ல் இரண்டுக்கும் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. வலசை வந்து இரை தேடுகிற பறவைக் கூட்டத்தின் நடுவே போர்டில் போய் அதைக் கலைத்துவிடாதே, தாயி. அதுகள் எவ்வளவோ தூரம் பறந்து வந்திருக்கின்றன.

மணக்குடியிலும் சில இடங்களை ஒதுங்கிப் போகவேண்டும். கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போட்டிருக்கும் ஓரங்களில் தண்ணீர் கறுத்து நாறும், அடையாளத்துக்கு நட்ட கம்புகள் தண்ணீருக்குள் மறைந்து நிற்கும். கண்டல் செடிகளின் வேர்ப்பக்கமும் அப்படித்தான். காயலுக்கு மேலே போகிற பாலத்தின் தூண்களில் சிப்பி ஓடுகள் ஒட்டியிருக்கும், கால் பட்டால் கத்தி பட்டது மாதிரி கிழிக்கும். வலை போட்டிருந்தால் மிதவைகள் தெரியும். அதைச் சுற்றிப் போ, மேலே ஏறிப் போகாதே. அது ஒரு வீட்டின் அன்றாடச் சாப்பாடு.

பொழிக்கு, அதாவது காயல் கடலில் திறக்கிற வாய்க்கு, மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பயப்படு. மழை இல்லாத மாதங்களில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும், காயல் குளம் போலக் கிடக்கும். மழை வந்து பழையாறு பெருகிப் பொழி முறிந்துவிட்டால் அதே தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கும். மேலே பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். மிதக்கிற இலையோ நுரையோ எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கரையில் நின்று பார். நீ நடக்கிற வேகத்துக்கு அது போனால் அன்றைக்கு இறங்காதே. பொழி திறந்திருக்கும் நாட்களில் பாலத்துக்குக் கடல் பக்கம் போகவே வேண்டாம், மேலே வயல் பக்கமாகவே திரும்பிக்கொள். 2004 சுனாமியில் இங்கிருந்த பாலத்தையே தண்ணீர் பெயர்த்துக்கொண்டு போனது. இந்த வாய் வழியாக வருகிற, போகிற தண்ணீரின் பலம் அது.

மாதம் என்று பார்த்தால் தை, மாசி, பங்குனிதான் நமக்குத் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. வைகாசி பிறந்துவிட்டால் காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் நின்றுகொண்டிருக்கும் உன் உடம்பே பாய்மரமாகிவிடும். தொடக்கத்தில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் போர்டை விரிக்காதே. அளக்கக் கருவி வேண்டாம். கரையில் தென்னை ஓலை முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து பறந்தால் அது உனக்கு அதிகக் காற்று. விடிந்ததும் இறங்கி, எட்டரை மணிக்குள் கரையேறிவிடு. வெயில் ஏறினால் காற்றும் ஏறும்.

போகும்போது காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது காற்று உன்னைக் கொண்டுவரட்டும். தெம்பு இருக்கும்போது கஷ்டமான பாதி முடிந்துவிடும். பலபேர் தலைகீழாகச் செய்து, திரும்ப முடியாமல் கிடந்து தவிக்கிறார்கள்.

சாமான்கள்

கற்றுக்கொள்ள ஒல்லியான போர்டு வாங்காதே. பத்தரையிலிருந்து 11 அடி நீளம், 32 முதல் 34 அங்குல அகலம். காற்றடிக்கும் போர்டு என்றால் அதில் எழுதியிருக்கிற அளவு வரை அடி. பெரும்பாலும் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. இருக்கும். கடைசியில் பம்ப் இறுகும்போது கை சலித்துப் பாதியில் விட்டுவிடத் தோன்றும். அங்கே விட்டால் நீ நின்றதும் போர்டு நடுவில் தொங்கும், "எனக்கு பேலன்ஸே வரமாட்டேங்குது" என்று அழுவாய். குறை உன் காலில் இருக்காது, காற்றில் இருக்கும். காற்றடித்த போர்டை நம் ஊர் வெயிலில் மணலில் போட்டுவைக்கவும் கூடாது. உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுப்போகும். நிழலில் வை, இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடு.

துடுப்பு உன் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நிறுத்திவைத்து, கையை மேலே தூக்கினால் கைப்பிடி மணிக்கட்டுக்கு வரவேண்டும். பிளேடு கொஞ்சம் வளைந்திருக்கும் அல்லவா, அந்தச் சாய்வு முன்பக்கம் பார்க்கவேண்டும். தண்ணீரைக் கோருகிற மாதிரி திருப்பிப் பிடிக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். திருப்பிப் பிடித்தால் பிளேடு தண்ணீரை மேலே தூக்கும், போர்டின் மூக்கு கீழே அமுங்கும்.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக்கூடாது, நீச்சல் தெரிந்தாலும். நீச்சல் தெரியாதென்றால் முதலில் ஊர்க்குளத்திலோ நீச்சல்குளத்திலோ அதைப் படி, இந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொள், பிறகு வாசிக்கலாம். போர்டோடு உன்னைக் கட்டும் கயிற்றை லீஷ் என்பார்கள். அசையாத தண்ணீரில் கணுக்காலில் கட்டலாம். கம்பும் வேரும் நீரோட்டமும் உள்ள காயலில் இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றும்படியான லீஷ்தான் நல்லது. கணுக்கால் லீஷ் ஒரு கம்பில் சிக்கி, நீரோட்டம் உன்னைக் கீழே இழுத்தால் குனிந்து கழற்றக் கைக்கு எட்டாது.

உடுப்பு விஷயத்தில் வெட்கத்துக்கும் பாதுகாப்புக்கும் சண்டை வேண்டாம். முழுக்கை டி-ஷர்ட், உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் போதும். வெயிலும் படாது, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். துப்பட்டா, தொளதொள சுடிதார் பேன்ட் வேண்டவே வேண்டாம். நனைந்தால் அதுவே காலைச் சுற்றும். கொலுசைக் கழற்றி வீட்டில் வை. இன்னொன்று, அன்றைக்குக் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதே. போர்டின் மேல்விரிப்பில் எண்ணெய்க்கால் நிற்காது. தலைக்குத் தேய்த்த கையோடு துடுப்பைப் பிடித்தாலும் வழுக்கும். வெறும் வயிற்றோடும் போகாதே. ரெண்டு மட்டிப்பழமும் ஒரு கட்டஞ்சாயாவும் போதும்.

எழுந்து நிற்பது

முழங்கால் ஆழத்துக்குப் போ. போர்டுக்கு அடியில் ஃபின் இருக்கிறது, ஆழம் குறைந்த இடத்தில் ஏறினால் அது மண்ணில் தட்டி உன்னை முன்னால் தள்ளும். போர்டின் நடுவே தூக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கும். அதற்கு ரெண்டு பக்கமும் முழங்கால் வரும்படி மண்டியிடு. துடுப்பைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்து, அப்படியே ஒரு சுற்றுப் போய்வா. அவசரப்படாதே. மண்டியிட்டே திரும்பவும் நிறுத்தவும் பழகியவள் நின்றாலும் பயப்படமாட்டாள்.

பிறகு துடுப்பை உனக்கு முன்னால் குறுக்கே வைத்து, ரெண்டு கையையும் அதன்மேல் ஊன்று. ஒரு முழங்கால் இருந்த அதே இடத்துக்கு அந்தப் பாதம் வரட்டும். ஒரு மூச்சு விடு. அடுத்த பாதம். இப்போது நீ குந்தி உட்கார்ந்திருக்கிறாய். இந்த இடத்தில்தான் எல்லாரும் கீழே பார்க்கிறார்கள். தலை குனிந்தால் எடை முன்னால் போகும், அடுத்தது தண்ணீர்தான். முதலில் முகத்தைத் தூக்கு, பிறகு நெஞ்சு, பிறகு இடுப்பு. கண்ணுக்கு ஒரு அசையாத பொருள் கொடு. மணக்குடியில் வடக்கே பார்த்தால் மலை தெரியும், அதைப் பார். நின்ற அடுத்த நொடி துடுப்பு தண்ணீரில் இறங்கவேண்டும். எழுந்துவிட்டோம் என்று கொண்டாட நிற்காதே, வலி.

பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு, ரெண்டும் நேர் முன்னால் பார்த்து. முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பாதம் போர்டைக் கவ்விப் பிடிக்கப் பார்க்கும், கால்விரல்கள் சுருண்டுகொள்ளும். சற்று நேரத்தில் உள்ளங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது விரல்களைத் தூக்கி ஆட்டிவிடு. விரலைத் தளர்த்தினால் கணுக்கால் தளரும், கணுக்கால் தளர்ந்தால் போர்டு ஆடுவதை அதுவே சரிக்கட்டும். உன் இடுப்புக்குக் கீழே உள்ளது போர்டோடு ஆடட்டும், மேலே உள்ளது நிமிர்ந்து இருக்கட்டும்.

வள்ளம் ஒன்று பக்கத்தில் போய் அலை கிளப்பினால் முழங்காலை இன்னும் மடக்கி, அந்த அலையை நோக்கிப் போர்டின் மூக்கைத் திருப்பு. திருப்ப நேரமில்லையென்றால் பிளேடைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து அழுத்து. அழுத்துகிற அந்த ஒரு நொடியில் உடம்பு நிமிர்ந்துகொள்ளும். அதுவும் பத்தாதென்றால் மண்டியிட்டுவிடு.

விழுவதையும் பழகு. போர்டைப் பிடிக்கத் தாவாதே, விளிம்பில் இடித்துத்தான் விலா நோகும். போர்டை விட்டு விலகி, கையை விரித்து, உடம்பு பரந்து விழும்படி விழு. தலைகுப்புறப் பாயாதே, காயலில் ஆழம் ஒரே மாதிரி இருக்காது. திரும்ப ஏற, பின்பக்கம் வேண்டாம், நடுவில் பக்கவாட்டில் வா. கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, காலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து உதை, வயிற்றால் வழுக்கி ஏறு. கையால் மட்டும் இழுத்து ஏற முடியாது, பெண்பிள்ளைகள் பலரும் அங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். கால் உதைதான் ஏற்றும். முதல் நாளிலேயே, தெம்பு இருக்கும்போதே, வேண்டுமென்று விழுந்து ஏறிப் பார்.

வலிக்கும் முறை

மேல்கை துடுப்பின் தலைமேல், கீழ்கை நடுத்தண்டில். பிளேடை முன்னால் எட்டும் தூரத்தில் முழுசாக முக்கு, அப்புறம் இழு. பாதி முங்கின பிளேடு தண்ணீரைத் தெறிக்கவிடும், தள்ளாது. துடுப்பு உன் பாதத்துக்கு நேராக வந்ததும் வெளியே எடுத்துவிடு. அதைத் தாண்டி இழுத்தால் போர்டு நேராகப் போகாமல் திரும்பும், முதுகும் நோகும். துடுப்பு செங்குத்தாக நிற்கவேண்டும் என்றால் மேல்கையும் போர்டுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே வரவேண்டும். நாலைந்து முறை ஒரு பக்கம், பிறகு கை மாற்றி அடுத்த பக்கம். தோளும் புஜமும் சீக்கிரம் கடுத்தால் கையால் இழுக்கிறாய் என்று அர்த்தம். இடுப்பைத் திருப்பி, வயிற்றின் பக்கவாட்டுச் சதையால் இழு.

திரும்புவதற்கு, பிளேடை மூக்கின் ஓரத்தில் போட்டு வால் வரைக்கும் பெரிய அரைவட்டம் அடி. மூக்கு எதிர்ப்பக்கம் போகும். சட்டென்று திரும்பவேண்டும் என்றால் பின்பக்கமிருந்து முன்னால் தள்ளு. இது ரெண்டும் வந்தபிறகுதான் ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்து, மூக்கைத் தூக்கிச் சுழற்றும் வித்தை. அதைப் பழகும்போது ஒரே தாவலாகப் பின்னால் போகாதே, பாதத்தை நகர்த்தி நகர்த்திப் போ. துடுப்பு தண்ணீரில் இருக்கட்டும்.

கரையில் செய்யவேண்டியதும் இருக்கிறது. நம் மாவட்டத்து அடிமுறை ஆசான்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது அடி இல்லை, நிலைதான். முழங்கால் மடங்கி, எடை தாழ்ந்து, எந்தப் பக்கமும் நகரத் தயாராக நிற்பது. வீட்டுப் பக்கத்தில் களரி இருந்தால் போய்ச் சேர், போர்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. இல்லையென்றால் காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நில். அப்புறம் மடித்த பாயின் மேல் நின்று, தும்புக்கட்டைக் கம்பைத் துடுப்பாகப் பிடித்து வலித்துப் பார். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

கடலுக்குப் போகும்போது

காயலில் காற்றிலும் திரும்பவும், விழுந்து ஏறவும் சலிக்காமல் முடிகிறதென்றால் கடலைப் பார்க்கலாம். தனியாக வேண்டாம், அந்தக் கடலை அறிந்த ஒருவரோடு போ. அங்கே ரெண்டு விஷயம் உன்னை ஏமாற்றும். ஒன்று வாடைக்காற்று. நம் தென்கரையில் வாடை நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் தண்ணீர் இஸ்திரி போட்டது மாதிரி கிடக்கும், ஆசையாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனதும் காற்று உன்னை வெளியே தள்ளிக்கொண்டே போகும். அந்த நாளில் இறங்காதே. தெரியாமல் மாட்டிக்கொண்டால் உடனே படுத்துக்கொள், துடுப்பை உடம்புக்கு அடியில் வைத்து, கையால் நீந்தி வா. நின்றுகொண்டு போராடினால் காற்றுக்கு உன் உடம்பு அகப்படும். எது நடந்தாலும் போர்டை விட்டு நீந்தாதே. அது மிதக்கும், தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியும்.

இன்னொன்று கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று ஏறிவரும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அப்படி வந்த அலை கொண்டுபோனது. நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் முகம்தான் எனக்கு வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. காலையில் கிளம்புமுன் அதைப் பார். எச்சரிக்கை இருந்தால் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் போர்டு வீட்டிலேயே கிடக்கட்டும்.

முறையாகப் படிக்க நினைத்தால் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்துக்குப் போகலாம். மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே ஊர்ப்பிள்ளைகளுக்கு சர்ஃபிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, ஒரு பள்ளியாகவே வளர்த்தார். அதே கோவளத்து சேகர் பச்சை ஸ்டாண்ட்-அப் பேடிலில் தேசியச் சாம்பியன் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றவர். கர்நாடகக் கடற்கரை முல்கியில் பழகிய தன்வி ஜகதீஷ் இந்த விளையாட்டில் நம் நாட்டுப் பெண்களுக்கு வழி திறந்தவர். குளச்சலிலிருந்தோ மணக்குடியிலிருந்தோ ஒரு பெண் அந்தப் போட்டிகளுக்குப் போவாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடல் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் பிறக்கும்போதே வந்துவிடுகிறது.

கிளம்புமுன் வீட்டில் எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. போனைத் தண்ணீர் புகாத பையில் போடு. அந்தப் பையைப் போர்டில் கட்டாதே, உன் கழுத்திலோ ஜாக்கெட்டிலோ மாட்டு. போர்டு போனாலும் போன் உன்னோடு இருக்கும். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வை.